குருவி தலை நிமிர்ந்த தோரணம்

இந்த வருஷமும் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு மறுநாள் முருங்கைப் போத்து ஒன்றைத் தொட்டியில் ஊன்றினேன். மூன்றடி நீளம், மணிக்கட்டுப் பருமன். வெட்டி நான்கு நாள் நிழலில் போட்டு வைத்திருந்தேன். வெட்டுவாய் காயாமல் நட்டால் அழுகிப்போகும். மேல் முனையில் சாணியை உருட்டி அப்பினேன். அப்புறம் ஒன்றும் செய்யவில்லை, இரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் விட்டதைத் தவிர. பார்க்கிறவர்களுக்கு அது வெறும் கட்டை. பின்பக்கத்து வராந்தாவில் அது நிற்பதைப் பார்த்து "கொடி கட்டவா?" என்று கேட்டார்கள். "ஈஸ்டருக்கு" என்று சொன்னேன். யாருக்கும் புரியவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

எங்களுக்குப் புதுச்சேரி. டிசம்பர் பிறந்துவிட்டால் நெல்லித்தோப்பிலோ மிஷன் வீதிப் பக்கமோ நட்சத்திரம் தொங்காத கிறிஸ்தவ வீட்டைப் பார்க்க முடியாது. சவுக்குக் கிளையை வாளியில் மணல் போட்டு நிறுத்துவார்கள். வைக்கோல் குடில் கட்டுவார்கள். கேழ்வரகை முளைக்க விட்டு ஆட்டுக்குட்டிகளுக்குப் புல்வெளி செய்வார்கள். ஆனால் திருச்சபையின் கணக்கில் கிறிஸ்துமஸைவிடப் பெரிய திருநாள் உயிர்ப்பு ஞாயிறு, அதாவது ஈஸ்டர். அன்றைக்கு எங்கள் வீடு எப்படி இருந்தது? வழக்கம்போல இருந்தது. புதுச் சேலை உண்டு, பிரியாணி உண்டு, கேக் உண்டு. வாசலில் ஒரு தோரணம்கூடக் கிடையாது.

இதற்குக் காரணம் இருக்கிறது. நாற்பது நாள் தவக்காலம், வெள்ளிதோறும் சிலுவைப்பாதை, பெரிய வாரம் முழுக்கக் கோயில். சனிக்கிழமை ராத்திரி பாஸ்கா பூசை முடிந்து வீடு வர நடுநிசி தாண்டிவிடும். விடிந்து எழுந்தால் சமையல். அலங்காரத்துக்கு யாருக்குத் தெம்பு இருக்கும்? இன்னொன்றும் உண்டு. கிறிஸ்துமஸுக்குக் குடில் என்று நம் கைக்குப் பழகின ஒரு வடிவம் இருக்கிறது. ஈஸ்டர் அலங்காரம் என்றால் கடைகளில் கிடைப்பது முயல், மஞ்சள் கோழிக்குஞ்சு, பிளாஸ்டிக் முட்டை. முயல் ஜெர்மன் பேசும் ஊர்களின் கதை. அங்கே பனி உருகிப் புல் முளைக்கிற காலத்தில் ஈஸ்டர் வருகிறது, முயல் வெளியே வருகிறது, அவர்களுக்கு அது பொருந்துகிறது. நமக்கு அப்போது பங்குனி வெயில். வேப்பம்பூ உதிர்கிற காலம், நுங்கு வண்டி வருகிற காலம், மல்லிகை விலை இறங்குகிற காலம். மார்ச் 21ஆம் தேதியிலோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் உயிர்ப்பு ஞாயிறு. அந்தப் பௌர்ணமியும் பங்குனி உத்திரத்துப் பௌர்ணமியும் பல வருஷங்களில் ஒரே நிலாதான். அந்த நிலா வெளிச்சத்தில் இங்கே என்ன விளைகிறதோ அதை வைத்து வீட்டை அலங்கரிக்க வேண்டும். நான் பதினைந்து வருஷமாகச் செய்துபார்த்துக்கொண்டிருப்பது இதுதான்.

ஆரம்பித்து வைத்தது ஆயா. அம்மாவைப் பெற்றவள். கடலூருக்குத் தெற்கே வீடு, தோட்டத்தில் பதினோரு தென்னை. ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறான குருத்தோலை ஞாயிறு வந்தால் ஆயா வீட்டிலிருந்து கோயிலுக்கு ஓலை போகும். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் தானே புயல் கரையேறியபோது அந்தத் தென்னைகளில் எட்டு சாய்ந்துவிட்டன. கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை இன்னும் இறக்கியிருக்கவில்லை. அதன் குச்சிகள் மட்டும் இரண்டு வீடு தள்ளிக் கிடைத்தன. நின்ற மூன்று தென்னையும் மட்டை முறிந்து, குருத்து கருகி நின்றன. முந்திரியும் பலாவும் வேரோடு போன ஊரில் வரப்பிலிருந்த பனைகள் மட்டும் அசையாமல் நின்றன.

2012இல் குருத்தோலை ஞாயிறு ஏப்ரல் 1. அந்த வருஷம் ஆயா பனங்குருத்து வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். புயலுக்குப் பிறகு அங்கே தனியாக இருக்க வேண்டாம் என்று அம்மா அழைத்து வந்திருந்தாள். பனங்குருத்து தென்னங்குருத்தைவிட விறைப்பு. அதை ஈரத்துணியில் சுற்றி ஒரு ராத்திரி வைத்துவிட்டு, மறுநாள் காலில் ஒரு கயிற்றைக் கட்டி நீட்டி உட்கார்ந்துகொண்டு தோரணம் பின்ன ஆரம்பித்தாள். கோயிலுக்கா என்று கேட்டேன்.

"வூட்டுக்குத்தான். கோயிலுக்குக் கட்ட ஆளு இருக்கு. நம்ம வூட்ல ஒரு மனுசன் செத்து எழுந்து வராருன்னா வாச சும்மாவா கெடக்கும்?"

அப்படித்தான் அவள் பேசுவாள். அந்த வருஷம் அவள் இழந்தது நிறைய. அதைப் பற்றிப் பேசாமல் தோரணத்தைப் பின்னினாள்.

தோரணம் கட்டத் தெரிந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஓலையை மடிக்கும்போது குருவி வடிவம் வரும். கல்யாணம், திருவிழா மாதிரி நல்ல காரியத்துத் தோரணத்தில் குருவி தலை நிமிர்ந்திருக்கும். சாவு வீட்டுத் தோரணத்தில் கவிழ்ந்திருக்கும். எனக்கு அதுவரை தெரியாது. தெருவில் எத்தனையோ தோரணங்களுக்குக் கீழே நடந்திருக்கிறேன், ஒரு நாளும் அண்ணாந்து குருவியைப் பார்த்ததில்லை. ஆயா இரண்டு தோரணம் கட்டினாள். கவிழ்ந்த குருவிகளோடு சின்னது ஒன்று, இயேசு இறந்த பெரிய வெள்ளிக்கு. நிமிர்ந்த குருவிகளோடு நீளமாக ஒன்று, ராத்திரிப் பூசை முடிந்து வந்ததும் வாசலில் கட்ட. இரண்டையும் கையில் பிடித்துக் காட்டினாள்.

"கவுந்தா ஒப்பாரி, நிமிந்தா அல்லேலூயா. அவ்ளோதான்டி கண்ணு."

செய்முறை எழுத்தில் முழுசாக வராது, இருந்தாலும் சொல்கிறேன். இப்போது நான் தென்னங்குருத்தில்தான் செய்கிறேன். விரியாத குருத்தாக இருக்க வேண்டும். வெளி மட்டைகளுக்குள்ளே வெயில் படாமல் சுருண்டு கிடப்பதால் அதில் பச்சை ஏறியிருக்காது, சந்தனமும் மஞ்சளும் கலந்த நிறம். ஈர்க்கின் அடிப்பக்கத்தில் நகத்தால் ஒரு கீறல் போட்டுக் கட்டைவிரலை நுழைத்து இழுத்தால் ஓலை சர்ரென்று நுனிவரை கழன்று வரும். ஓர் ஓலைக்கு இரண்டு பாதி. பாதியைக் கயிற்றின்மேல் போட்டு மடித்து, முன்தலைப்பைக் குறுக்கே கொண்டுவந்து மடிப்புக்குள் செருகினால் அலகு. செருகுகிற திசையில்தான் நிமிர்வதும் கவிழ்வதும் இருக்கிறது. செருகிவிட்டு உடனே இறுக்கக் கூடாது. எல்லாக் குருவியையும் தளர்வாக முடித்துக்கொண்டு, ஓலை சற்று வாடின பிறகு ஒவ்வொன்றாக இழுத்து இறுக்க வேண்டும். பச்சையில் இறுக்கினால் மறுநாள் ஓலை சுருங்கி அலகு கழன்றுவிடும். கீழே தொங்குகிற பகுதியை ஊசியால் வரிவரியாகக் கிழித்துவிட்டால் வால். காற்றில் அந்த வால்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் ரொம்பச் சன்னம். ராத்திரியில்தான் கேட்கும்.

நடுவில் வரும் ஒரு குருவியை மட்டும் கோயிலில் மந்திரித்துக் கொடுத்த ஓலையில் செய்வது ஆயாவின் வழக்கம். மற்றதெல்லாம் காய்ந்ததும் குப்பைக்குப் போகலாம், அது போகக் கூடாது. மந்திரித்த ஓலையை அடுத்த சாம்பல் புதனுக்கு முன்னால் கோயிலில் திருப்பிக் கொடுப்போம். அதை எரித்த சாம்பலைத்தான் நெற்றியில் பூசுவார்கள்.

ஆயா 2017இல் இறந்துபோனாள். அதற்கடுத்த ஈஸ்டருக்குத் தோரணத்தை நான் தனியாகக் கட்டினேன். பத்துக் குருவியில் நான்கு சரியாக வந்தது. இப்போது பத்தும் வருகிறது.

கவிழ்ந்த தோரணத்தை வாசலில் கட்ட அம்மா விடவில்லை, அது நியாயம். தெருவில் போகிறவர்கள் துக்கம் விசாரிக்க உள்ளே வந்துவிடுவார்கள். அதனால் உள்கூடத்தில் பாடுபட்ட சுரூபத்துக்கு, சிலுவையில் தொங்கும் இயேசுவுக்கு, மேலே கட்டுவோம். ஒரு பெரிய வெள்ளியன்று பக்கத்து வீட்டு அக்கா முருங்கைக் கீரை கொடுக்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டு நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். "என்னாச்சும்மா, யாருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார். அம்மா சுரூபத்தைக் காட்டினாள். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அவர் அம்மன் கோயிலுக்குத் தீ மிதிக்கிற குடும்பம். யாரும் அவருக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கடையில் வாங்கின எந்த அலங்காரமும் அப்படிப் பேசியிருக்காது என்று அன்றைக்கு எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

முளைப்பாரி போடச் சொல்லிக் கொடுத்ததும் அந்த அக்காதான். ஈஸ்டருக்கு ஒரு சின்னக் கல்லறைத் தோட்டம் செய்ய வேண்டும், நடுவில் வெறுமையான கல்லறை, சுற்றிலும் பசுமை என்று என் மகள் ஆசைப்பட்டாள். அப்போது மூன்றாம் வகுப்பு. பிளாஸ்டிக் புல் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். "பயறு இருக்குதில்ல வீட்ல, எதுக்குப் புல்லு வாங்கணும்?" என்றார் அக்கா. அகலமான மண் சட்டியில் வைக்கோலை நறுக்கிப் பரப்பி, மேலே எருவைப் பொடித்துத் தூவி, கொஞ்சம் செம்மண் போட்டோம். கோரிமேட்டுப் பக்கம் இருக்கிற சொந்தக்காரர் வீட்டிலிருந்து கொண்டுவந்த மண். ஒரு ராத்திரி ஊறவைத்த பச்சைப்பயறும் கோதுமையும் விதைத்து, இருட்டறையில் வைத்தோம். அக்காவுக்கு ஒரு சந்தேகம். "பாட்டுப் பாடாம முளைப்பாரி வராதே, நீங்க என்ன பாடுவீங்க?" என்றார். அவர்கள் சுற்றி நின்று கும்மி கொட்டிப் பாடுவார்கள். நாங்கள் அந்த வாரத்தில் பாடுவது துக்கப் பாட்டு. அதையே பாடினோம்.

குருத்தோலை ஞாயிறன்று விதைத்தால் கணக்கு சரியாக இருக்கும். வியாழனுக்குள் நான்கு விரல் உயரம். இருட்டில் வளர்வதால் தண்டு வெளுத்து, இலை மஞ்சளாக இருக்கும். குருத்தோலையின் அதே நிறம். சனிக்கிழமை காலையில் எடுத்து வராந்தாவில் வெளிச்சம் படுகிற இடத்தில், நேர் வெயில் இல்லாமல், வைத்துவிட்டால் சாயங்காலத்துக்குள் பச்சை ஏற ஆரம்பிக்கும். ஞாயிறு காலையில் பச்சைப்பயறு நல்ல பச்சை, கோதுமை இளம்பச்சை. இதை மகள் முதல் தடவை பார்த்தபோது ஒரு மணிக்கு ஒரு தடவை ஓடிப்போய் பார்த்துவிட்டு வந்து "இப்ப நுனி மட்டும்", "இப்ப பாதி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிவதைப் பற்றி யோவான் நற்செய்தி 12ஆம் அதிகாரத்தில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். சட்டியைப் பார்த்த அன்றுதான் அது எந்த மணி என்று கேட்டாள். பீரோவிலிருந்து கோதுமை டப்பாவை எடுத்துக் காட்டினேன்.

கல்லறைக்கு ஒரு சின்னக் கலயத்தைப் படுக்கவைத்துப் பாதி மண்ணில் புதைக்கிறோம். வாய் ஓரமாக ஓர் உருண்டைக் கல், மூடாமல் தள்ளி. உள்ளே வெள்ளைத் துணி, ஆயாவின் பழைய சேலையில் கிழித்தது. தலைக்குக் கட்டின துண்டு தனியாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது என்று நற்செய்தியில் இருக்கிறது, அதனால் இரண்டு துண்டு. சின்னதை மகள்தான் சுருட்டுவாள். வேறு யாரும் தொடக் கூடாது.

இனி முட்டை. இதில்தான் எனக்கு அதிக வருஷம் பிடித்தது.

ஈஸ்டருக்கும் முட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒரு நேரான பதில் உண்டு. பழைய காலத்தில் தவக்காலம் முழுக்க முட்டையும் விலக்கு. கோழிக்கு அது தெரியுமா? அது பாட்டுக்கு இட்டுக்கொண்டிருக்கும். ஈஸ்டர் வரும்போது வீடு நிறைய முட்டை. கல்லறை, அதைத் திறந்து வெளியே வரும் உயிர் என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. எங்கள் வீட்டில் இன்றைக்கும் தவக்காலத்தில் கவுச்சி கிடையாது, முட்டையும் சேர்த்தி. அப்படியானால் அலங்காரத்துக்கு முட்டையை ஊதி எடுத்தால் உள்ளே இருப்பதை என்ன செய்வது? முதல் இரண்டு வருஷம் பக்கத்து வீட்டில் கொடுத்தேன். பிறகு ஒரு வழி கண்டேன். கிறிஸ்துமஸ் கேக் செய்யும்போதே முட்டையை உடைக்காமல் ஊதி எடுத்துவிடுவது. ஓடுகளைக் கழுவிக் காயவைத்து முட்டை அட்டையிலேயே பரணில் வைத்துவிட்டால் ஈஸ்டர்வரை இருக்கும். கிறிஸ்துமஸ் கேக்கின் ஓடு ஈஸ்டருக்கு மரத்தில் தொங்குவது எனக்குப் பிடித்திருக்கிறது.

கோணி ஊசியால் மேலே ஒரு சின்ன ஓட்டை, கீழே அதைவிடக் கொஞ்சம் பெரிசு. ஊசியை உள்ளே விட்டு மஞ்சள் கருவைக் கலக்கிவிட்டு மேலிருந்து ஊதினால் எல்லாம் கிண்ணத்தில் இறங்கிவிடும். அப்புறம் வினிகர் கலந்த தண்ணீரை ஓட்டுக்குள் ஏற்றிக் குலுக்கிக் கொட்ட வேண்டும், இரண்டு தடவை. இந்தக் கடைசி வேலையை 2019இல் ஒரு முட்டைக்குச் சரியாகச் செய்யாமல் விட்டுவிட்டேன். ஞாயிறு காலை விருந்தாளிகள் வரும் நேரத்தில் கூடத்தில் நாற்றம். கிளை நெடுக எறும்பு. மகள் வர்ணம் தீட்டின முட்டை அது, ஐந்து வயசுக் குழந்தை, தூக்கிப் போடும்போது அழுதுவிட்டாள். இப்போது ஒவ்வொரு முட்டை ஓட்டையும் துளை வழியாக வெளிச்சத்தில் பார்த்து, காதருகே குலுக்கிப் பார்த்துத்தான் அட்டையில் வைப்பேன்.

சாயத்துக்குக் கடையில் எதுவும் வாங்குவதில்லை. ஒரு தடவை குழந்தைக்கென்று வாங்கின பிளாஸ்டிக் முட்டைகளின் பூச்சு கையெல்லாம் ஒட்டியதோடு அது முடிந்தது. பெரிய மார்க்கெட்டில் வெங்காயக் கடைகளில் கேட்டால் சருகை ஒரு பை நிறைய அள்ளிக் கொடுப்பார்கள், காசு வாங்க மாட்டார்கள். குண்டான் நிறையச் சருகை அமுக்கி, மூழ்கத் தண்ணீர் விட்டு அரை மணி கொதிக்கவிட்டால் தண்ணீர் ரத்தச் சிவப்பாக இருக்கும். வடிகட்டி இரண்டு கரண்டி வினிகர். முட்டை ஓடு பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லின் அதே பொருள்தான், கால்சியம் கார்பனேட். வினிகர் பட்டதும் நுணுக்கமாகப் பொங்கி மேற்பரப்பு லேசாகச் சொரசொரப்பாகும், சாயம் பிடித்துக்கொள்ளும்.

அதற்கு முன்னால் இலையை ஒட்டவேண்டும். கொத்தமல்லி, வேப்பங்கொழுந்து எல்லாம் வைத்துப் பார்த்தேன். முருங்கை இலைக்கு இணை எதுவும் இல்லை. சின்னது, மெல்லிசு, ஓட்டின் வளைவில் ஒட்டிப் படுத்துக்கொள்ளும். ஓட்டை நனைத்து இலைகளைப் பரப்பி, பழைய நைலான் காலுறையை இழுத்து மாட்டி, பின்னால் முறுக்கி நூலால் கட்டிவிட வேண்டும். இறுக்கம் குறைந்தால் இலைக்கடியில் சாயம் போய்விடும். வெற்று ஓடு மிதக்கும். கரண்டியால் அமுக்கிப் பிடித்தால் ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறி, குமிழ் விட்டுக்கொண்டே தானாக மூழ்கும். இருபது நிமிஷம் மெல்லக் கொதித்து, அந்தத் தண்ணீரிலேயே ஆறவிட்டு எடுத்தால் செங்கல் நிறம். நூலை அறுத்துக் காலுறையை உருவி, வெந்த இலையை விரல்நுனியால் தள்ளினால் அதனடியில் வெள்ளையாக ஓர் இலை. நரம்புகூட விழுந்திருக்கும். இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் மற்ற எல்லா வேலையும் என்று எனக்குத் தோன்றும். எத்தனை வருஷமானாலும் இலையைத் தள்ளும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.

மஞ்சளிலும் முக்கலாம். அழகான நிறம், ஆனால் வெயிலில் வெளுத்துவிடும், ஜன்னலோரம் வைக்கக் கூடாது. சங்குப்பூவைக் கொதிக்கவைத்தால் நீலத் தண்ணீர். அதில் எலுமிச்சை பிழிந்தால் ஊதா, தவக்காலத்தின் நிறம். தண்ணீர் நிறம் மாறுவதைக் காட்டினால் எந்தக் குழந்தையும் சமையலறையை விட்டு நகராது.

காகித வேலை அதிகம் வைத்துக்கொள்வதில்லை. படங்களில் ஈஸ்டருக்கு லில்லிப் பூ இருக்கும், காகிதத்தில் செய்யவும் சொல்லித் தருகிறார்கள். மல்லிகையும் சம்பங்கியும் மலிந்து கிடக்கிற மாதத்தில் காகிதப் பூ எதற்கு என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று மட்டும் செய்கிறோம். பாஸ்கா பூசையில் கையில் பிடிக்கும் மெழுகுதிரிக்கு மெழுகு ஒழுகாமல் ஒரு தட்டு. பட்டேல் சாலையில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்சாலை 1959இலிருந்து இருக்கிறது. அந்த மாதிரிப் பருத்திக் காகிதம் தடிமனானது. லேசாக நனைத்துக் கரண்டியின் குழியில் வைத்து அழுத்திக் காயவிட்டால் இதழ் மாதிரி வளைந்தே நிற்கும். நடுவில் திரி இறுக்கமாக நுழையும் அளவுக்கு ஓட்டை. சுடரிலிருந்து நான்கு விரல் கீழே இருக்கட்டும், திரி கரையக் கரையத் தட்டைக் கீழே இறக்கிக்கொண்டே வரவேண்டும்.

மணிகள் மகளின் யோசனை. பிரான்சில் இருக்கும் சித்தி ஒரு வருஷம் வந்திருந்தபோது அங்கத்திக் கதை ஒன்றைச் சொன்னாள். பெரிய வியாழனோடு கோயில் மணிகளெல்லாம் ரோமாபுரிக்குப் பறந்துபோய்விடும், ஈஸ்டர் காலையில் திரும்பி வரும்போது குழந்தைகளுக்கு முட்டைகளைத் தோட்டத்தில் போட்டுவிட்டுப் போகும் என்று. வியாழன் பூசையில் 'உன்னதங்களிலே' பாட்டோடு மணி நின்று, சனி ராத்திரி அதே பாட்டில்தான் மறுபடி ஒலிக்கும். நடுவில் மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். மகள் முட்டை அட்டையின் குழிகளை வெட்டிக் கவிழ்த்து மணிகள் செய்தாள். சனி ராத்திரிவரை அதற்கு நாக்கு வைப்பதில்லை.

ராத்திரியைச் சொல்லிவிடுகிறேன். பூசைக்கு மிஷன் வீதியில் ஜென்மராக்கினி மாதா கோயிலுக்குப் போவோம். எங்கள் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தின் பேராலயம் அது, ஆயா ஊருக்கும் எங்கள் ஊருக்கும் ஒரே தாய்க்கோயில். விளக்கெல்லாம் அணைத்துவிட்டு வெளியே புதுநெருப்பு மூட்டுவார்கள். பாஸ்கா திரியை அதில் ஏற்றி இருட்டுக்குள் கொண்டுவருவார்கள். அதிலிருந்து ஒருவர், அவரிடமிருந்து அடுத்தவர் என்று சுடர் வரிசை வரிசையாகப் பின்னால் வரும். இந்த வருஷம் ஏப்ரல் 4. எங்களுக்கு முன்னால் நின்ற பெரியவர் திரும்பித் தன் திரியைச் சாய்த்தபோது மகளின் தட்டைப் பார்த்து, "நல்லா இருக்கே, நீ பண்ணதா?" என்றார். பூசை நடுவில் பேசக் கூடாது என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

வீடு திரும்ப ஒன்றரை மணி. தூக்கம் கண்ணை அழுத்தினாலும் இந்த வேலை மட்டும் நிற்காது. எல்லாம் தயாராக இருப்பதால் அரைமணியில் முடிந்துவிடும். அம்மா உள்கூடத்திலிருந்து கவிழ்ந்த தோரணத்தை அவிழ்த்தாள். நான் நாற்காலி மேல் ஏறி, ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த தோரணத்தை வாசல் நிலையில் கட்டினேன். மகள் மணிகளுக்குப் பாசி கோத்து நாக்கு வைத்தாள். அப்புறம் மூன்று பேருமாக முருங்கைத் தொட்டியைக் கூடத்துக்கு நகர்த்தினோம். முருங்கையை வாசலில் மட்டும் வைக்காதே என்பது அம்மாவின் கண்டிப்பு, அதனால் கூடம். பிப்ரவரியில் கட்டையாக இருந்ததில் பதினாறு இடத்தில் துளிர் வெடித்து, மேல்துளிர் ஒரு முழம் நீண்டு இறகு மாதிரி விரிந்திருந்தது. துளிருக்கு நோகாமல் அடிக்கணுக்களில் நூல் கட்டி முட்டைகளைத் தொங்கவிட்டோம். செங்கல் நிறத்தில் வெள்ளை முருங்கை இலை, அதற்குப் பக்கத்திலேயே பச்சை முருங்கை இலை.

விடிந்ததும் பக்கத்து வீட்டு அக்கா தன் வாசலில் தண்ணீர் தெளிக்க வந்தார். எங்கள் நிலையை அண்ணாந்து பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து மூன்று முழம் மல்லிகைச் சரம் கொண்டுவந்து, "குருவிக்கு நடுவுல சுத்து" என்று கொடுத்துவிட்டுத் தன் கோலத்தை முடிக்கப் போனார்.

இதை எழுதுகிற இன்று சனிக்கிழமை. வில்லியனூர் மாதா கோயிலில் கொடியேற்றம், சாயங்காலம் போகவேண்டும். முளைப்பாரி சாய்ந்துவிட்டது, எடுத்துத் தோட்டத்து மண்ணில் புரட்டிவிட்டேன். முருங்கையை மதிலோரம் குழி தோண்டி இறக்கவேண்டும். நான்கு வருஷத்துக்கு முன் இறக்கினது இப்போது காய்க்கிறது. வாசல் தோரணம் வெயிலில் பழுப்பாகி மொறுமொறுவென்று ஆகிவிட்டது. நேற்றைய காற்றில் இரண்டு குருவி கழன்று படியில் கிடந்தது, அதில் ஒன்று மந்திரித்த ஓலைக் குருவி. மகள் அதைப் படியிலேயே உட்கார்ந்து தண்ணீரில் நனைத்து வைத்துக்கொண்டு அலகைத் திரும்பச் செருகப் பார்க்கிறாள். இறுக்காதே, கொஞ்சம் வாடட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.